பதினோராம் இடத்துப் பச்சை

ஜனவரி 3, வெள்ளி

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அடுப்படி விளக்கைப் போட்டால் கூடத்தில் வெளிச்சம் விழும். அதனால் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவிளக்கில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இந்த நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும். அங்கே அம்மாவின் கை எட்டாது. அண்ணனுக்கு அடுப்படியில் வேலை கிடையாது.

இன்று கரஸ்பாண்டன்ட் அண்ணனைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் அறைக்கு வெளியே நின்றேன். கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டது.

"ஆகஸ்ட்ல சேந்த பிள்ளை சார். ஜனவரி ஆச்சு. ஒரு வார்த்தை? ஒரு 'எஸ் மிஸ்'? வாய் பேசாதுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா அதுக்குத் தக்கன பாத்திருப்போம்."

"வீட்ல நல்லாப் பேசுவா சார்."

"வீட்லயா சார் மார்க் போடுறாங்க? பிப்ரவரி பதினெட்டு பயாலஜி பிராக்டிகல். வெளியில இருந்து எக்ஸாமினர் வருவாங்க. வைவால அவங்க முன்னாடியும் இப்பிடியே நின்னான்னா, டி.சி.ய வாங்கிக்கங்க."

வரும் வழியில் அண்ணன் பைக்கை நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கித் தந்தான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "பேசாத பிள்ளைக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? சாத்தூர்ல எங்கண்ணன் வீட்டுல கொண்டுபோய் விடு. பரிச்சைய பிரைவேட்டா எழுதட்டும்."

மாமா சேவுக்கடை வைத்திருக்கிறார். அவருடைய இரண்டு பெண்களும் பிரைவேட்டாக எழுதப் போவதாகச் சொல்லித்தான் பள்ளியை விட்டார்கள். இன்னும் சேவுப் பொட்டலம் மடிக்கிறார்கள். அவர்கள் கையில் எப்போதும் எண்ணெய் வாசனை.

மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் மதினி பேசுவது ஒரே ஒரு சொல்தான். "சரிங்கத்தே."

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் என் நாக்கு என்னுடையது. பள்ளி கேட்டைத் தாண்டியதும் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.

ஜனவரி 4, சனி

அம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போனதால் மதினி என்னைத் தன்னோடு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாள். மதினி அங்கே பாக்டீரியாவில் ஆராய்ச்சி செய்கிறாள். அம்மா அதைக் கிருமி வேலை என்பாள். தினமும் சாயந்திரம் மதினி சாவு வீட்டுத் துட்டிக்குப் போய் வந்தவள் மாதிரி பின்பக்கமாக வந்து, கொல்லையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

ஆய்வகத்தில் புளித்த கஞ்சியும் சூடான பித்தளையும் கலந்த ஒரு வாசனை. மதினியோடு வேலை பார்க்கும் லூர்து அக்கா என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"இதான் உன் நாத்தனாரா? வாம்மா வா. உங்க மதினிகிட்ட வீட்ல எப்பிடித்தான் குப்பை கொட்டுறீங்க? இந்த வாயாடி பேசுற பேச்சுல எங்க கைடே காதுல பஞ்சு வச்சுக்கிறாரு."

நான் திரும்பி மதினியைப் பார்த்தேன். மதினி சிரித்துக்கொண்டே, "சும்மா இருடி, உன் கதைய நான் எடுத்துவிடவா?" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இந்த வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பிறகு இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். சின்னச் சின்ன வட்டத் தட்டுகள். நீல விளக்கைப் போட்டு, ஆரஞ்சு நிறக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். தட்டுகள் பச்சையாக எரிந்தன. எரியவில்லை, எரிவது மாதிரி அமைதியாக இருந்தன. தண்ணீருக்கு அடியில் யாரோ விளக்கு ஏற்றி வைத்ததுபோல.

ஜெல்லி மீனிடமிருந்து எடுத்த ஒரு மரபணுதான் அந்தப் பச்சை என்றாள். எங்கள் பக்கம் வேம்பார் கடலில் அதைச் சொறி என்பார்கள், பட்டால் அரிக்கும். அரிக்கிற ஒன்றுக்குள் இவ்வளவு வெளிச்சமா.

பன்னிரண்டு தட்டுகள். பன்னிரண்டிலும் ஒரே பாக்டீரியா, ஒரே மரபணு, ஒரே எழுத்துகள், அதை இயக்கும் ஸ்விட்சும் ஒன்றேதான். பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒரு வளையம். அந்த வளையத்தில் எந்த இடத்தில் செருகினார்கள் என்பது மட்டும்தான் வேறு. சிலது பளீரென்று, சிலது மங்கல்.

பதினோராவது தட்டில் ஒன்றுமே இல்லை. நீல விளக்குக்கு அடியில் அது வெறும் இருட்டு.

"செத்துப்போச்சா மதினி?" என்று கேட்டேன். லூர்து அக்கா வெளியே இருந்ததால் கேட்க முடிந்தது.

"அதத்தான் நானும் கண்டுபிடிக்கணும்," என்றாள்.

ஜனவரி 6, திங்கள்

ரோல்கால். எண் 42. எலிசபெத் மிஸ் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து டிக் போட்டுவிடுகிறார்.

ஜனவரி 9, வியாழன்

தாமதமாகச் சேர்ந்ததால் என் பெயர் பட்டியலின் அடியில் இருக்கிறது. பழைய பள்ளியில் நடுவில் இருந்தேன். எனக்கு முன்னால் பாண்டிமாதேவி, பின்னால் பொன்னுத்தாய். பாண்டிமாதேவி பதில் சொன்னால் அடுத்த கட்டிடத்துக்குக் கேட்கும். அவள் குரல் அடங்குவதற்குள் என்னுடையது கிளம்பிவிடும். நான் பேசினேனா, அவள் குரல் என்னை இழுத்துக்கொண்டு போனதா என்று அப்போது யோசித்ததில்லை.

இங்கே எனக்கு முன்னால் 41, பெனாசிர். சவுதியில் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தவள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பெஞ்சிலும் அப்படித்தான். அவள், நான், பிறகு சுவர்.

முதல் நாள் ரோல்காலில் நான் பேசினேன். நன்றாக, சத்தமாகப் பேசினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜனவரி 11, சனி

மறுபடி ஆய்வகம். அம்மாவிடம் டியூஷன் என்று மதினி சொல்லியிருக்கிறாள். சரிங்கத்தே தவிர மதினி சொன்ன முதல் வாக்கியம் ஒரு பொய்.

பதினோராம் இடத்தில் இருக்கும் மரபணுவை அவர்கள் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதையே வெட்டி எடுத்து இரண்டாம் இடத்தில் வைத்தால் பளீரென்று எரிகிறது.

"அப்ப மரபணு மேல குத்தம் இல்ல. அக்கம்பக்கந்தான்," என்றாள் மதினி. மேசையில் சுண்ணக்கட்டியால் வளையம் வரைந்தாள். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவற்றுக்கு எப்போதும் கூடுதலாக ஒரு நகல் கிடைத்துவிடும், அதனால் வெளிச்சமும் கூடுதல். வளையத்தின் எதிர்க்கோடியில் இருப்பவற்றுக்கு அந்த வாய்ப்பு கம்மி. சிலவற்றுக்குப் பக்கத்து மரபணு ஓயாமல் வேலை செய்வதால் இடைஞ்சல். சிலவற்றுக்கு அதுவே உதவி.

"பதினொண்ணு?"

"அந்த இடத்துல ஒரு புரதம் வந்து வரிசையா ஒட்டிக்கிட்டு மூடி வச்சிருது. வெளியில இருந்து புதுசா வந்து சேந்த டி.என்.ஏ.தான் அதுக்குப் பிடிக்கும். பாத்த உடனே போர்வையப் போட்டுப் போத்திரும்."

"ஏன்? புதுசா வந்தது என்ன பண்ணுச்சு?"

லூர்து அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முன்னாலேயே பேசிவிட்டேன் என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது. அதற்குமேல் வரவில்லை.

மதினி அதைக் கவனிக்காதவள் மாதிரிச் சொன்னாள். "ஒண்ணும் பண்ணல. வந்ததும் வராததுமா கத்துனா செல்லுக்கு ஆபத்தா இருக்கலாம்ல? அதான் ஒரு ஜாக்கிரதை. ஆனா மூடி வச்சது அழியாது பேச்சி. அப்பிடியே இருக்கும்."

இன்று அடுப்படியில் கொசுவர்த்தி எரிகிறது. அம்மா மறந்துபோய் ஏற்றியிருப்பாள்.

ஜனவரி 14, செவ்வாய்

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. மாடி வீட்டு அம்மா ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினார்கள். அம்மா அதைத் திறக்காமலே ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு எங்களுக்குப் பரிமாறினாள். மதினிக்குக் கடைசியில்.

மதினி இந்த வீட்டுக்கு வந்த நாலாம் மாதம் அப்பா போனார். அம்மா அதையும் இதையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா கண்டக்டர். கடைசி டிரிப் முடித்து வந்ததும் வாசலில் நின்று, டிக்கெட் கேட்கிற குரலில், "பேச்சியம்மாள்!" என்பார். மற்ற எல்லோருக்கும் நான் பேச்சி. உள்ளிருந்து நான் பதில் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்கு அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. அதனால் நான் வெளியே வரவும் இல்லை.

வெல்லம் கொஞ்சம் கூட.

ஜனவரி 17, வெள்ளி

ஒரு கனவு. எங்கள் பள்ளியை யாரோ வளைத்து வட்டமாக்கியிருக்கிறார்கள். பெஞ்சுகள் எல்லாம் ஒரு பெரிய வளையம். எலிசபெத் மிஸ் ஓரிடத்தில் நின்று முதல் பெயரைக் கூப்பிடுகிறார். உடனே பெயர்கள் இரண்டு பக்கமும் ஓடத் தொடங்குகின்றன, வலமாக ஒன்று, இடமாக ஒன்று. கூப்பிடப்பட்ட ஒவ்வொருவரும் பச்சையாகிறார்கள். நான் எதிர்க்கோடியில் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் என்னை நோக்கி வருகிறது. என் மேல் யாரோ ஈரமான ஒரு போர்வையைப் போர்த்துகிறார்கள். கனமாக இல்லை. மெத்தென்று இருக்கிறது. உள்ளே அப்பாவின் காக்கிச் சட்டை வாசனை. அதனால் நான் அதைத் தள்ளவில்லை.

விழித்தபோது வாய் திறந்திருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

பெனாசிருக்குப் படம் வரைய வராது. என் ரெக்கார்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஏய், இந்தத் தவளை ஹார்ட்ட எனக்கும் போட்டுத் தாயேன். நீதான் பேச மாட்ட, வரையக்கூடவா மாட்ட?"

வரைந்து கொடுத்தேன். அவள் சும்மா இருக்க மாட்டாள். முணுமுணுப்பாள், மேசையில் தாளம் போடுவாள், சுவரோடுகூடப் பேசுவாள். "தேங்க்ஸ்டி உள்ளேன்," என்றாள்.

வகுப்பில் எனக்கு அதுதான் பெயர். உள்ளேன்.

சரி, எழுதிவிடுகிறேன். முதல் நாள் மிஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "உள்ளேன் அம்மா" என்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வருஷமாகச் சொன்னதைச் சொன்னேன். இங்கே எல்லோரும் 'பிரசன்ட் மிஸ்' சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் முழுப் பெயரைக் கூப்பிட்டதும் என் வாய் அதைத்தான் சொன்னது. முதல் சிரிப்பு பெனாசிருடையது. பிறகு வகுப்பு முழுக்க. வாசலில் வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்த அம்மாவைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அம்மாவைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஜனவரி 25, சனி

மதினியின் கைடு சொல்லிவிட்டாராம், பதினோராம் இடத்தை நிரூபிக்காமல் ஆய்வேட்டைக் கொண்டுவராதே என்று. வீட்டிலோ அம்மா, "மாசி பொறந்ததும் அந்த வேலைய நிறுத்திரட்டும். வயித்துல ஒண்ணு தங்கணும்னா கிருமியத் தொடுறத விடணும்," என்று அண்ணனிடம் சொல்கிறாள், மதினி காதில் விழுகிற மாதிரி. அண்ணன் பேப்பரைப் புரட்டினான். மதினி, "சரிங்கத்தே."

ஆனால் ஆய்வகத்தில் அவள் குதித்துக்கொண்டிருந்தாள். புது யோசனை. இருட்டாக இருக்கும் மரபணுவைத் தொடவே போவதில்லை. போர்வையையும் இழுக்கப் போவதில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மரபணுவைக் குடிவைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சர்க்கரையைக் கொடுத்தால் மட்டும் வேலை செய்வாள்.

"அவ வேலை பாக்க ஆரம்பிச்சா அங்க இருக்கிற டி.என்.ஏ. முறுக்கும், நெளியும். படிக்கிற எந்திரம் அந்தப் பக்கமே ஓடும். அந்த ஆட்டத்துல போர்வை விலகுதான்னு பாப்போம்."

"விலகலன்னா?" என்றாள் லூர்து அக்கா.

"விலகலன்னா சாத்தூர்ல போய் சேவு மடிக்க வேண்டியதுதான்," என்றாள் மதினி, என்னைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூர்து அக்கா முன்னாலேயே சத்தமாகச் சிரித்தேன்.

ஜன்னலோரம் ஒரு முக்காலி கிடக்கிறது. நேற்று அது கொல்லையில் இருந்தது.

பிப்ரவரி 1, சனி

பச்சை.

இரண்டு தட்டுகள். சர்க்கரை இல்லாதது இருட்டு. சர்க்கரை கலந்தது பச்சை. இரண்டாம் இடத்தைப்போலப் பளீரென்று இல்லை. ஊர்க்கோடியில் ஒரு வீட்டில் விளக்கு தெரிகிற அளவுக்கு. ஆனால் பச்சை.

மதினி ஒன்றும் பேசவில்லை. ஆய்வகத்தில் அவள் பேசாமல் நின்றது இன்றுதான். லூர்து அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நாங்கள் மூவரும் இருட்டறையில் அப்படியே நின்றோம். என் கை எனக்குத் தெரியவில்லை, மதினியின் மூக்குத்தி மட்டும் நீலமாகத் தெரிந்தது. அது ஒரு குளத்துக்கு அடியில் நிற்பது மாதிரி இருந்தது. மூச்சுவிட்டால் குமிழி வரும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மதினி கொல்லையில் குளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பரணிலிருந்து அம்மா தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். "பதினெட்டாம் தேதிக்குப் பெறகு பாப்போம்," என்று மட்டும் சொன்னாள். என் இரண்டு தாவணியை மடித்து அதற்குள் வைத்தாயிற்று. நான் கூடத்தில் படுத்தால் பெட்டி என் தலைமாட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

இடைவேளையில் பெனாசிர் முறுக்கு தின்றுகொண்டே கேட்டாள். கேலியாக இல்லை, சும்மா.

"ஏய், அன்னைக்கு உங்கம்மா வெளியிலதான நின்னாங்க? நீ ஏன் உள்ள இருக்காங்கன்னு சொன்ன?"

நான் புரியாமல் பார்த்தேன்.

"அதான்டி. 'உள்ளே என் அம்மா'ன்னு சொன்னியே. ஃபர்ஸ்ட் டே. பிளஸ் ஒன் வந்த பிள்ளை அம்மாவக் கூட்டிட்டு வந்துருக்கா, அதையும் எந்திரிச்சு நின்னு சொல்றான்னு நெனச்சேன். அதுவும் அம்மா வெளிய நிக்கிறாங்க, உள்ளங்குற. சிரிப்பு வந்துருச்சு."

ஆறு மாதம். அவள் காதில் விழுந்தது வேறு வாக்கியம்.

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பென்சிலை எடுத்து மேசையில் எழுதினேன். 'உள்ளேன் = இருக்கிறேன். எங்கள் பள்ளியில் அட்டெண்டன்ஸுக்கு இதுதான் சொல்வோம். அம்மா என்றால் டீச்சர்.'

பெனாசிர் படித்தாள். முறுக்கைக் கீழே வைத்தாள். எச்சில் தொட்டு அந்த எழுத்தை அழிக்கப் போனவள் அழிக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். அடுத்த பீரியட் முழுக்க அவள் தாளம் போடவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. காதுக்குள் காலியாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

மதினி துணி காயப்போடும்போது மெதுவாகக் கேட்டாள், "பள்ளிக்கூடத்துல பக்கத்துல யாரு உக்காருறா?"

"பெனாசிர்னு ஒருத்தி. ஓட்டைவாய்."

"நல்லது," என்றாள் மதினி.

அரிசி டின் மேல் ஒரு புதுப் பேனா இருக்கிறது. நீல மை. அண்ணன் மறந்து வைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது. நாளை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றுவிடாமல்.

காலையில் அம்மா நெற்றியில் திருநீறு பூசினாள். ஏதோ சொல்ல வந்தவள், "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் குழுவில் 36 முதல் 42 வரை. ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடி. எக்ஸாமினர் ஒரு வயதான அம்மா, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். எலிசபெத் மிஸ் அவர் பக்கத்தில் நின்று என்னைக் காட்டி ஏதோ சொன்னார். "வரட்டும், வரட்டும்," என்றார் அவர். கரஸ்பாண்டன்ட் வாசலில் வந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் நாக்கு வழக்கம்போல வேறு யாருடையதோ ஆகிவிட்டது. போர்வை தலைவரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது.

எக்ஸாமினர் பெயர் வாசித்தார். பிரசன்ட் மேம். பிரசன்ட் மேம். பிரசன்ட் மேம்.

"நாப்பத்தொண்ணு, பெனாசிர்."

"உள்ளேன் அம்மா!"

எல்லோரும் திரும்பினார்கள். அவள் அதை 'உல்லேன்' என்றுதான் சொன்னாள். ஆனால் என்ன சத்தம். சன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக எனக்குத் தோன்றியது. முன்னால் யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். பெனாசிர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மூலையில் நின்ற எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் குரல் இன்னும் அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பத்திரெண்டு. பேச்சியம்மாள்."

"உள்ளேன் அம்மா."

துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது என் குரல். எனக்கே அடையாளம் தெரியவில்லை. எக்ஸாமினர் நிமிரக்கூட இல்லை. ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர், அவருக்கு அது தினமும் கேட்கிற பதில். எலிசபெத் மிஸ் மட்டும் அலமாரிப் பக்கம் திரும்பி, தூசியே இல்லாத ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வைவாவில் மூன்று கேள்வி. முதலாவது வெங்காய வேர் நுனி, சொன்னேன். இரண்டாவது, "பாக்டீரியா டி.என்.ஏ. எப்பிடி இருக்கும்?" என்றார். "வளையமா இருக்கும்மா," என்றேன். அவர் அடுத்த தாளைப் புரட்டினார். மூன்றாவது இதய வால்வு. பெனாசிருக்கு நான்தான் அந்தப் படத்தை வரைந்து கொடுத்தேன், எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் வரவில்லை. மறுபடியும் மூடிக்கொண்டது. ரொம்ப நேரம் நின்றேன்.

"சரி, போதும். பயப்படாதம்மா. நெக்ஸ்ட்."

அவருக்குத் தெரியவில்லை, எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று.

வெளியே வந்ததும் பெனாசிர் என் பையைப் பிடித்து இழுத்தாள். "சரியாத்தான சொன்னேன்? உல்லேன்?"

"உள்ளேன்," என்றேன். "நாக்க மடி."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "அடிப்பாவி, நீ பேசுன முதல் வார்த்தையே என்னைத் திட்டுறதா?"

எலிசபெத் மிஸ்ஸே அண்ணனுக்கு போன் செய்து, டி.சி. பேச்சை கரஸ்பாண்டன்ட் இனி எடுக்க மாட்டார் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் அல்வா வாங்கி வந்தான். அம்மா பெட்டியிலிருந்து தாவணிகளை எடுத்து உதறினாள். பிறகு முக்காலியைத் தேடினாள், பெட்டியைப் பரணில் ஏற்ற. "இந்த முக்காலி எப்படி அடுப்படிக்குள்ள வந்துச்சு?" என்றாள்.

சாயந்திரம் மதினி கொல்லையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடுப்படிக்கு வந்தாள். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் அல்வாவைப் பிரித்தான். மூன்று பேரும் இருக்கிறார்கள், தோசைக்கல் மட்டும் சீறுகிறது. நான் மதினிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, மதினி ஆபீஸ்ல என்ன பண்ணுறாங்க தெரியுமா?" என்றேன். "கிருமிக்குள்ள விளக்கு வைக்காங்க. பன்னெண்டு விளக்கு. அதுல பதினோராவது செத்துப்போச்சு. மதினிக்கு வேல தோத்துப்போச்சு."

எனக்குச் சரியான விடை தெரியும். மதினிக்கும் அது தெரியும்.

"சாகல பேச்சி," என்றாள் மதினி.

"செத்துத்தான் போச்சு. நான் பாத்தேன்ல, இருட்டா இருந்துச்சு."

"சாகலைங்கிறேன்ல! மூடித்தான இருந்துச்சு? பக்கத்துல இன்னொண்ண வச்சதும் எந்திரிச்சு வரலயா? பச்சையா நீயுந்தான பாத்த? கைடு நேத்து அந்தப் படத்த மூணு தடவ வாங்கிப் பாத்தாரு, ஆய்வேட்டுல அதுதான் கடைசி அத்தியாயம்னு சொல்லிட்டாரு..." பேசிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்து, ஈர விரலால் வளையம் வரையத் தொடங்கினாள். வளையத்தில் எந்த இடத்தில் என்ன, யார் பக்கத்தில் யார், எல்லாவற்றையும். லூர்து அக்காவிடம் பேசுகிற அதே குரல். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோசை கருகியது. அண்ணன் எழுந்து போய் அடுப்பை அணைத்தான். மதினியை முதல் தடவை பார்ப்பவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதினி நிமிர்ந்தாள். திடுக்கிட்டு வாயை மூடினாள். "சரிங்க..." என்றாள்.

"ஏட்டி, இரு," என்றாள் அம்மா. "இந்தக் கிருமி எங்க இருக்கும்?"

"எல்லார் வயித்துலயும் இருக்கும் அத்தே."

"எல்லார் வயித்துலயும்னா? என் வயித்துலயுமா?"

"கோடிக்கணக்குல இருக்கு அத்தே. அது பாட்டுக்கு நல்லபடியா இருக்கு."

அம்மா தன் வயிற்றைப் பார்த்தாள். மதினியின் ஈரத் தலையைப் பார்த்தாள். "அப்ப என்னை எந்தக் கொல்லையில போயிக் குளிக்கச் சொல்லுத?"

அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு மதினி. அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இதற்குமுன் கேட்டதில்லை, சுவர்களுக்கே புதிது. அம்மா சிரிக்கவில்லை. கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டே, "நாளையில இருந்து உள்ள வந்தே குளி. பனி கொட்டுது," என்றாள். மாசி பிறந்துவிட்டது, வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

முக்காலி மறுபடி ஜன்னலோரம் இருக்கிறது. கொசுவர்த்தி எரிகிறது. அம்மா மறப்பவளும் இல்லை, அண்ணன் பேனாவைத் தொலைப்பவனும் இல்லை, நான் எழுதுவது இவர்களுக்குத் தெரியும் என்று எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

தெருவிளக்கு ஒரு தடவை அணைந்து எரிகிறது. கூடத்தில் அம்மா புரண்டு படுக்கிற சத்தம். பக்கத்தில் கையை வைத்துத் துழாவுகிறாள் போல. என் பாய் காலியாக இருப்பது தெரிந்திருக்கும். கூப்பிடுகிறாள், பாதித் தூக்கத்தில். ஏட்டி என்று இல்லை, பேச்சி என்றும் இல்லை.

"பேச்சியம்மாள்?"

இந்தப் பெயர் வாசலிலிருந்துதான் வரும். இன்றைக்கு உள்ளேயிருந்து வருகிறது.

நோட்டை ஒளித்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொள்ளலாம். வேண்டாம். இங்கிருந்தே சொல்கிறேன்.